‘ஒரு நம்பர்ல போச்சு!’

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு அரசே நடத்தும் வியாபாரம். இந்தப் பக்கம் அதே சீட்டை விற்றால் வழக்கு. தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை போட்டது. கேரளமோ 1967-இல் தொடங்கிய லாட்டரியை இன்றும் நாள்தோறும் குலுக்குகிறது. பொட்டிபுரம், போடி வட்டாரத்திலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி எல்லை தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சீட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மூன்று மணிக் குலுக்கல் முடிந்ததும் செல்போனில் தேடப்படுவது பெரும்பாலும் கடைசி நான்கு எண்கள். சின்னப் பரிசுகள் அதற்குத்தான். விழுந்தது 4837, கையில் இருப்பது 4836 என்று வையுங்கள். “ஒரு நம்பர்ல போச்சு!” கணக்குப்படி அவருக்கும் 0001 வைத்திருப்பவருக்கும் வித்தியாசமே இல்லை. இருவருக்கும் பணம் போயிற்று. ஆனால் மூளை அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

லூக் கிளார்க் தலைமையில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சூதாடும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மயிரிழையில் தவறியபோது, ஜெயித்தால் விழித்துக்கொள்ளும் பகுதிகளே விழித்தன. ஆடியவர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது. அதுவும், தாமே தேர்ந்தெடுத்து ஆடியபோதுதான் கூடியது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். கேரள முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து இங்கே திருட்டுத்தனமாக நடக்கும் ‘மூணு நம்பர்’ ஆட்டத்தில், எண்ணைச் சொல்வதே பணம் கட்டுகிறவர்தான். மூன்றும் அதே வரிசையில் பொருந்த ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு பொருந்தி ஒன்று தவற ஆயிரத்தில் 27. அதாவது ஒரு வெற்றிக்கு 27 ‘போச்சே!’ என்று ஆட்டத்திலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. இதில் மாட்டியவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது அநியாயம்.

மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தை ‘இன்பச் சுரப்பு’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது வேறு. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருமென்று அறிவிக்கும் சைகை பழகியபின், துடிப்பு சைகைக்கே மாறிவிட்டது. சாறு வந்தபோது சலனமில்லை. வருமா வராதா என்பது சரிபாதி நிச்சயமின்மையாக இருந்தபோது, காத்திருக்கும் நேரம் முழுக்கச் செயல்பாடு ஏறிக்கொண்டே போனது என்று அவர் குழு 2003-இல் எழுதியது. சீட்டு வாங்கியதிலிருந்து மூன்று மணிவரை உள்ள பரபரப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது. பரிசே விழாவிட்டாலும் அந்தப் பரபரப்பு தினமும் கிடைத்துவிடுகிறது.

டோபமைனுக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள தொடர்புக்கு இன்னொரு சாட்சி மருத்துவமனைகளில் இருக்கிறது. நடுக்குவாத நோய்க்கு, டோபமைனைப் போல வேலை செய்யும் சில மாத்திரைகள் உண்டு. அவற்றைச் சாப்பிட்ட சிலர், அதுவரை சூதாட்டப் பழக்கமே இல்லாதவர்கள்கூட, கட்டுப்பாடில்லாமல் சூதாடத் தொடங்கினார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி அடங்கியது.

2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் சூதாட்ட நோயைக் குடி, போதை அடிமைத்தனத்தோடு சேர்த்தது. அதற்கு ஏற்ற சிகிச்சையும் உண்டு. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் மனநல ஆலோசனை முதன்மையானது. குடிநோய்க்குத் தரும் நால்ட்ரெக்சோன் மாத்திரையையும் சிலருக்கு மருத்துவர்கள் தருகிறார்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். சீட்டு வாங்குகிறவர் பேசத் தயங்கினால், வீட்டில் கூலிப்பணம் குறைவதைப் பார்க்கிறவர் முதலில் அழைக்கலாம்.