ஒரே வண்டி, மூன்று நடைகள்

உருவமும் பெயரும் ஒன்றாயினும், ஒரு வண்டியின் தரவகைகள் பாதையில் வெவ்வேறாக நடப்பதுண்டு. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டு மாதிரியாக விற்பனைக்கு வந்த ரொயோட்டா போர்-றன்னர் இதற்குத் தக்க சான்றாகும்.

சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் எல்லா வகைக்கும் பொது. சாதாரண ‘எஸ். ஆர். 5’ அவற்றோடு அமைந்தது. விலைமிகுந்த ‘லிமிற்றெட்’ வகையில், மூலைக்கு மூலை எதிரான அதிர்வுதாங்கிகள் எண்ணெய்க் குழாயால் இணைக்கப்பட்டன. அதனால் வளைவுகளில் வண்டி சாய்வது குறைந்தது.

கரட்டுப் பாதைக்கான ‘றெயில்’ வகையிலோ, வேண்டுவோர்க்கு வேறோர் அமைப்புக் கிடைத்தது. வண்டி சாயாமற் காக்கும் குறுக்குத் தண்டு நெடுஞ்சாலையில் நன்மை தரும். பாறைகளிடையே அதுவே சில்லுகளின் ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும். அவ்வேளை எண்ணெயழுத்த அமைப்பு தண்டின் பிடியைத் தளர்த்தும்; சில்லுகள் நிலத்தைப் பற்றிச் செல்லும்.

ஆகவே, விலைகூடியது எவ்விடத்தும் சிறந்ததன்று. வாங்குவோர் முதலில் ஆராயவேண்டியது தாம் செல்லும் பாதையையே.