முருகைத் தொட்டியிற் படரும் கபிலச் சளி: அதனை அறிதலும் அடக்கலும்

கடலுக்கும் நமது தெரணியகலைக்கும் யாது தொடர்பு என்று வினவுவோர் உளராகலாம். ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இம்மலைச் சாரல்களில் விழும் நீர், சீதாவாக்கை கங்கையாய்த் திரண்டு, அவிசாவளைக்கு அருகே களனி கங்கையோடு கலந்து, கொழும்பு முகத்துவாரத்திற் கடலை அடைகின்றது. நமது பழைய மாணவரும் அந்நீரைப் போலவே மலையிறங்கிக் கடற்கரை நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று வாழ்கின்றனர். அந்நகரங்களிலே கண்ணாடித் தொட்டியில் உவர்நீர் நிரப்பி, முருகைகளையும் வண்ண மீன்களையும் வீட்டில் வளர்க்கும் பொழுதுபோக்கு இன்று பரவியுள்ளது. இவ்விழா மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வரைய எண்ணிய நாம், அத்தொட்டிகளைப் பல்லாண்டு பேணியவரையும் கலங்கச் செய்யும் ஒரு கேட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

கடலுயிர்களைத் தொட்டியில் வளர்த்துக் காட்டும் கலை புதியதன்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையிற் பொதுமக்கள் காணும் மீன்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. நமக்கு அணித்தாய்ச் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் ஒன்று எழுந்தது. தெகிவளை விலங்குக்காட்சிச்சாலையிலுள்ள மீன்தொட்டிகளை நம் மாணவர் பலர் சுற்றுலாச் சென்று கண்டிருப்பர். ஆயின், மீன் வளர்ப்பது வேறு. முருகை வளர்ப்பது வேறு. முருகைக்கு வலிய ஒளியும், தெளிந்த நீரும், மாறாத வெப்பநிலையும், போதிய சுண்ணச்சத்தும் வேண்டும். கல்முருகைகளைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பதை இலங்கையும் இந்தியாவும் சட்டத்தாற் தடுத்துள்ளமையின், சட்ட முறைப்படி பண்ணைகளிற் சிறு துண்டுகளாகப் பெருக்கப்பட்டவற்றையே வளர்ப்போர் நாடுதல் வேண்டும். இவ்வளவு அருமையாய் வளர்த்த தொட்டி, சில வாரங்களுள்ளே கபிலச் சளியால் மூடுண்டு பாழாவதுண்டு. அச்சளியின் தன்மையை அறியாது மருந்திடுவோர் கேட்டைப் பெருக்கிக் கொள்கின்றனர்.

இவ்வுயிர் யாது?

அச்சளி பார்வைக்குப் பாசி போன்றது. ஆயின், அது டைனோபிளசெல்லேற்று எனப்படும் ஒருகல உயிர்கள் எண்ணிறந்தன கூடித் தம்மிலிருந்து சுரக்கும் பசையாற் பின்னிய போர்வையாகும். கிரேக்க மொழியில் 'டைனோஸ்' என்பது சுழலுதலைக் குறிக்கும்; இலத்தீன் மொழியில் 'பிளசெல்லம்' என்பது சவுக்கு. ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டு சவுக்குமுளைகள் உண்டு. பெரும்பாலான இனங்களில் ஒன்று இடையைச் சுற்றிய பள்ளத்திற் கிடந்து கலத்தைச் சுழற்றும். மற்றொன்று பின்னே நீண்டு அதனை உந்தும். இக்குலத்தில் இன்று வாழும் இனங்கள் ஏறத்தாழ 2,000. அவற்றுள் ஏறக்குறையப் பாதி தாவரங்களைப் போல ஒளித்தொகுப்புச் செய்வன. எஞ்சியவை பிறவுயிர்களை உண்பன. இரண்டு வழியாலும் உணவு பெறுவனவும் பல. ஒரு வழி அடைபட்டால் மறு வழியால் வாழும் இத்திறமே அவற்றின் பெருவலி.

இக்குலத்தார் யாவரும் பகைவர் அல்லர். முருகையின் இழையத்தினுள்ளே குடியிருந்து, சூரியவொளியாற் சர்க்கரை ஆக்கி, அதனை முருகைக்கு ஊட்டும் சூசந்தெல்லா என்னும் நுண்ணுயிரும் டைனோபிளசெல்லேற்றே. கடல் மிகச் சூடேறும்போது அவ்விருந்தினர் வெளியேற, முருகை வெளிறிப் பசியால் மடிகின்றது. 1998ஆம் ஆண்டில் இக்கடுவைக் கடலில் அதுவே நிகழ்ந்தது. ஆகவே, 'டைனோபிளசெல்லேற்று அனைத்தையும் கொல்லும் மருந்து' என்று ஒன்றை எவரேனும் விற்பின், அது முருகையின் உயிர்த்துணையையும் தாக்குமோ என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

கடலில் மிகுதி, தொட்டியில் வறுமை

கடலில் இவ்வினங்கள் பெருகி நீரை நிறம் மாற்றுவதை நம் அயற்கரைகள் நெடுங்காலமாய்க் கண்டுள்ளன. இலங்கை முத்துச் சலாபங்களை ஆராய்ந்து பின் சென்னை மாகாண மீன்துறைக்குச் சென்ற ஜேம்ஸ் ஹோர்னல் என்பார், மலையாளக் கரையிலே கடல் நிறம் மாறுவதையும் மீன்கள் மடிவதையும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்து எழுதினார். மன்னார்க் குடாவில் நொக்டிலூக்கா என்னும் இனம் பெருகிக் கடல் பச்சையாவதை மண்டபக் கரை மீனவர் 'பூங்கோரை' என்பர். 2019ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் அது பெருகியபோது, சிங்கிள் தீவை அடுத்த முருகைப்பார்களிலே நீரிற் கரைந்த ஒட்சிசன் இலீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. மீன்கள் மடிந்தன, விரைந்து வளரும் முருகை இனங்களும் மூச்சடைத்து இறந்தன.

கடலில் இத்தகைய பெருக்கம் பெரும்பாலும் உணவு மிகுதியால் எழுவது. வீட்டுத் தொட்டியிலோ காரணம் பெரும்பாலும் மறுதலையானது. தொட்டியிற் பெருகும் இனங்கள் நொக்டிலூக்காவைப் போல் மேல்நீரில் மிதப்பன அல்ல. கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்வன. பாசி வரக்கூடாதென அஞ்சி, நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அளவுகருவிக்கு அகப்படாதபடி முற்றாக நீக்கிய தொட்டிகளிலும், உயிரற்ற உலர் கற்களைக் கொண்டு புதிதாய் அமைத்த தொட்டிகளிலுமே இவை மிகுதியாகத் தோன்றுகின்றன என்பது வளர்ப்போர் பலரின் பட்டறிவு. மீன் குறைவாகவும், பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பொட்சைட்டு மிகுதியாகவும் உள்ள தொட்டி இவற்றுக்கு ஏற்ற களமாகும்.

நம்மூரார்க்கு இது விளங்கும். ஒரு காலத்தில் இறப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் இல்லாதபடி நிலத்தைச் செதுக்கி வைப்பதே நல்ல துரைத்தனத்துக்கு அடையாளமாய் இருந்தது. மழை மேல்மண்ணை ஆற்றில் வாரிச் சென்றது. வெறுமையான நிலத்திலோ முரட்டுக் களைகளே முதலில் வேரூன்றின. பின்னரே பியூரேரியா போன்ற அவரைக் குலத்து மூடுபயிர்களை இட்டு நிலத்தைக் காக்கும் முறை பரவியது. தொட்டியின் நிலையும் இத்தகையதே. பச்சைப்பாசி, தயற்றம், பற்றீரியா முதலிய அயலார் உணவின்றி ஒழிந்தபின், பற்றீரியாவை உண்டும் சேதனப் பொருளை உறிஞ்சியும் பிழைக்கவல்ல டைனோபிளசெல்லேற்று, வெற்றிடத்தைத் தனியுடைமை ஆக்கிக் கொள்கின்றது.

அறியும் முறை

புறக்குறிகள் நான்கு உண்டு. ஒன்று, கபில நிறச் சளி நூல் நூலாய்த் தொங்கி, நுனியில் ஒட்சிசன் குமிழிகளைத் தாங்கி நிற்கும். இரண்டு, காலையில் மணல் துப்புரவாய்த் தோன்றும்; விளக்கேற்றிச் சில மணித்தியாலம் சென்றபின் சளி மீண்டும் படரும். மூன்று, அதனை மேயும் நத்தைகள் சோர்ந்து விழுந்து மடியும். சில இனங்கள் நஞ்சுடையன ஆதலின் இது நேர்கின்றது. நான்கு, உறிஞ்சியெடுத்த சளி ஓரிரு நாளில் முன்னிருந்த அளவுக்குத் திரும்பும்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. சிறிது சளியைத் தொட்டிநீரோடு ஒரு போத்தலிலிட்டு வலிதாய்க் குலுக்குக. வடிதாளில் வடித்துத் தெளிந்த நீரை ஒளியில் வைக்க. ஒரு மணித்தியாலமளவில் அந்நீரில் மீண்டும் நூல் திரண்டால், டைனோபிளசெல்லேற்று என்று ஐயுறலாம். தயற்றங்கள் பொன்னிறப் பொடி போற் படிவன, இவ்வாறு திரள்வதில்லை. சயனோபற்றீரியாவோ செந்நீலமாகவோ கரும்பச்சையாகவோ தகடு தகடாய் உரிந்து வரும்.

முடிவான சான்று நுணுக்குக்காட்டியே. பள்ளி ஆய்வுகூடங்களிலுள்ள, 400 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி போதும். ஒரு துளி சளியைக் கண்ணாடித் தகட்டிலிட்டு, வடிவத்தையும் நடையையும் ஒருங்கே நோக்குக. நீர்த்துளி போல ஒருமுனை கூரிதாய், கயிற்றிற் கட்டிய பம்பரம் போல ஓரிடத்திலேயே சுழல்வது ஒஸ்திரியோப்சிஸ். அதனினும் உருண்டை வடிவினது கூலியா. முட்டை வடிவாய், இடுப்புப் பள்ளமின்றி, நடுவே ஒரு புள்ளி தெரிய நிற்பது புரொரோசென்ட்ரம். தட்டையாய், தலையிலே சிறு அலகு போன்ற நுனியுடன், பசைக்கயிறின்றி வழுக்கித் திரிவது அம்பிடினியம். கலங்கள் சங்கிலியாய்க் கோத்தாற்போல் தோன்றின் அது சயனோபற்றீரியா. கண்ணாடிப் பேழை போன்ற விறைத்த ஓட்டுடன் நகர்வது தயற்றம். ஓரினத்துக்கு ஏற்ற மருந்து மற்றதற்குப் பயன்படாது ஆகலின், இவ்வேறுபாடு அறியற்பாலது.

அடக்கும் முறை

முதலாவது, பட்டினியை நிறுத்துக. இரும்பொட்சைட்டை அகற்றி, மீன்களுக்கு நன்கு உணவிடுக. நைத்திரேற்று இலீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரையும், பொசுபேற்று 0.05 முதல் 0.1 மில்லிகிராம் வரையும் நிலைபெறச் செய்தல் நன்று. தூய சோடியம் நைத்திரேற்றையும் சோடியம் பொசுபேற்றையும் நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாய் இடலாம். வெறுங்கற்கள் பொசுபேற்றைத் தம்முள் ஈர்த்துக் கொள்வதால், நாள்தோறும் அளந்து இடுதல் வேண்டும். தோட்டத்துப் பசளையை எக்காரணத்தாலும் தொட்டியில் இடலாகாது. அதிலுள்ள அமோனிய உப்புகளும் யூரியாவும் மீன்களுக்குக் கேடாய் முடியும்.

இரண்டாவது, சளியைக் குழாயால் உறிஞ்சி, நெருங்கிய இழைப் பையில் வடித்து, வடிந்த நீரைத் தொட்டிக்கே மீள விடுக. புதிய உப்புநீரைப் பெருவாரியாய் மாற்றிய பின் சளி மேலும் தழைத்ததைப் பலர் கண்டுள்ளனர். ஆகையால் நீர்மாற்றத்தைச் சில வாரம் ஒத்திவைத்தல் நலம்.

மூன்றாவது, இனத்துக்கேற்ற வழியைக் கைக்கொள்க. ஒஸ்திரியோப்சிஸ், கூலியா என்பனவும், புரொரோசென்ட்ரத்திற் சிலவும் இரவில் மணலை விட்டு நீரிற் பரவும். தொட்டிநீரை நேரே இழுத்து ஊதாக்கடந்த கதிர் விளக்கினூடாகச் செலுத்தினால் அவை அழியும். இறக்கும் கலங்களின் நஞ்சை ஈர்க்க உயிர்ப்பூட்டிய கரியை உடன் வைக்க. அம்பிடினியத்தின் பெரிய இனங்களோ இரவிலும் மணலிற் பதுங்குவன. கதிர் விளக்கு அவற்றை எட்டாது. அவற்றுக்குச் சிலிக்கேற்றைச் சிறிதளவு இட்டுத் தயற்றங்களை வளர்த்து, மணலின் மேற்பரப்பை அவற்றின் கையில் ஒப்படைப்பதே வழி. நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலும் நுண்ணிய நீர்வாழ் உயிர்களும் கொணர்ந்து விடுதல் எல்லா இனத்துக்கும் பொதுவான மருந்து. அதுவே நமது மூடுபயிர்.

விளக்கணைத்து 3 நாள் இருளில் வைப்போரும், ஐதரசன் பேரொட்சைட்டு இடுவோரும் உளர். இவற்றாற் சளி தற்காலத்துக்கு மெலியும். ஆயின், காரணம் நீங்காதவரை மீண்டும் வரும். இடைக்காலத்திலே முருகைகளும் வாடும். இருளைத் துணையாகக் கொள்ளலாம். அதனையே முழுமருந்தென நம்புதல் தகாது. வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கிற் பொறுமை வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

ஒஸ்திரியோப்சிஸ் இனத்திற் சில, பலிதொட்சின் என்னும் கொடிய நஞ்சுக்கு உறவான பொருள்களை ஆக்குகின்றன. 2005ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலியின் செனோவாக் கரையிலே அது பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்த ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கொண்டு மருத்துவரை நாடினர். ஆகவே, சளியைக் கையாளும்போது கையுறை அணிக. கையிற் புண்ணிருப்பின் தொட்டியுட் கையிடற்க. சளி படிந்த கற்களைக் கொதிநீரில் வேகவைத்துத் துப்புரவாக்குதல் பெருந்தவறு. அந்த ஆவி வீட்டாரின் நெஞ்சுக்குள் நஞ்சைக் கொண்டு சேர்க்கும். சிறுவர் உள்ள வீட்டில் இது மறக்கற்பாலதன்று.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். கடல் நமக்குத் தொலைவு. ஆயினும் இக்குலத்தைக் காணக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுவதில்லை. பெரிடினியம், செராத்தியம் என்னும் டைனோபிளசெல்லேற்றுகள் நன்னீர்க் குளங்களிலும் தேக்கங்களிலும் வாழ்வன. அசையாது நிற்கும் நீரில் ஒரு துளியை எடுத்து, ஆய்வுகூடத்திலே ஆசிரியர் துணையோடு நோக்குங்கள். சுழன்று செல்லும் ஒரு கபிலக் கலம் கண்ணிற்படின், அதன் உருவத்தை வரைந்து, நடையைக் குறித்து, பெயரைத் தேடுங்கள். தொட்டியைக் காக்க விரும்பும் பழைய மாணவருக்கும், விஞ்ஞானம் பயிலும் இளைஞருக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே: முதலிற் பார்; பின் பெயரிடு; அதன் பின்னரே மருந்தைத் தொடு. அம்முறை நமது கல்லூரியில் வழிவழி நிலைபெறுவதாக.