கடுந்தீக்காயத்திற்குப் பின் நோயெதிர்ப்பாற்றல் மீட்சி: தாமிரபரணிப் பள்ளத்தாக்கை முன்வைத்து

கடுந்தீக்காயமுற்றவர் முதல் இரண்டு நாள்களின் அதிர்ச்சி நிலையைக் கடந்துவிட்டால் பிழைத்துவிட்டார் என உறவினர் நம்புவது இயல்பு. ஆயினும் அதன் பின்னர் நேரும் இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் நோய்த்தொற்றே. உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்த நிலையில், காயம்பட்ட இடத்தில் மட்டுமன்றி உடல் முழுவதிலும் நோயெதிர்ப்பாற்றல் குலைகின்றது. அதனை மீட்கும் வழிகளையும், திருநெல்வேலி வட்டாரச் சூழலில் அவற்றின் நடைமுறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

குலைவின் தன்மை

தோல் வெறும் போர்வை அன்று. காவற்செல்கள் நிறைந்த உறுப்பு. அது வெந்தவுடன் கிருமித்தடை நீங்குகின்றது. இறந்த திசு கிருமிகளுக்கு இரையாகின்றது. அத்திசுவிலிருந்து கசியும் பொருள்கள் குருதியில் கலந்து அழற்சியைத் தூண்டுகின்றன. இதனை அடக்க உடல் மேற்கொள்ளும் எதிர்வினை அளவு மீறும்போது, நியூட்ரோபில் அணுக்கள் கிருமியை நாடிச் செல்லும் திறன் குன்றுகின்றது. மோனோசைட்டுகளின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ.-டி.ஆர். மூலக்கூறு குறைவதால், டி செல்களுக்குக் கிருமியை அடையாளம் காட்டும் பணியும் தளர்கின்றது. மிகையழற்சியும் எதிர்ப்புக்குறைவும் இவ்வாறு ஓருடலில் ஒருங்கே நிகழ்கின்றன. ‘எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மருந்து’ என்னும் பொதுவழக்கு இங்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

மீட்சியின் வழிகள்

தனியொரு பொருளால் இவ்வாற்றலை மீட்கும் முயற்சிகள் பல. 1970களின் இறுதியில் புதுதில்லியில் சூடோமோனாஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி தீக்காய நோயாளரிடம் ஆய்வு செய்யப்பெற்றது. நற்பயன் அறிவிக்கப்பட்டும் அது வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. பெரிதும் நம்பப்பட்ட குளுட்டமின், 14 நாடுகளில் ஏறத்தாழ 1200 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2022இல் வெளியான ஆய்வில், உயிருடன் வீடு திரும்பும் காலத்தைக் குறைக்கவில்லை.

நிலைபெற்றவை இவற்றினும் எளியவை. யூகோஸ்லாவிய அறுவை மருத்துவர் சோரா யான்ஷெகோவிச், வெந்த திசு தானே உதிரும்வரை காத்திராமல் சில நாள்களிலேயே அதனைச் சீவி நீக்கித் தோலொட்டு இடும் முறையை 1970இல் வெளியிட்டார். அழற்சியின் ஊற்றையும் கிருமியின் இரையையும் ஒருசேர அகற்றுவதால், இதனை நோயெதிர்ப்பு மருத்துவம் என்றே கூறலாம். மற்றொன்று உணவு. கடுமையாக வெந்த 18 குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புரதம் மிகுந்த உணவு பெற்றோரிடம் எதிர்ப்பாற்றலும் பிழைப்பு வீதமும் மேம்பட்டிருந்தன. காயமுற்ற முதல் நாளிலேயே குடல்வழி உணவு தொடங்குவது, குடற்சுவரைக் காத்துக் கிருமிகள் குருதியில் கலப்பதைத் தடுக்கவும் உதவுகின்றது.

பள்ளத்தாக்கின் சூழல்

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை நீளும் ஆற்றங்கரை வாழைக்குப் பெயர்பெற்றது. தீக்காயத்தை வாழையிலையால் மூடும் மரபு பழமையானது. நீராவியில் கிருமிநீக்கம் செய்த இலை, காயத்தில் ஒட்டாமல் வலி குறைத்துக் காப்பதை மும்பை மருத்துவர்கள் ஆய்ந்து வெளியிட்டுள்ளனர். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கொலாஜன் படலமும் இத்தகைய மேற்காயங்களுக்கே உரியது. தோலின் முழு ஆழமும் வெந்திருப்பின் இலையோ படலமோ போதாது. நோயாளியின் தோலே மூடவேண்டும். ஆற்றின் மேற்பகுதி ஊர்களிலிருந்து, 1965இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு வந்துசேர்வதில் ஏற்படும் ஒவ்வொரு நாள் தாமதமும் இறந்த திசு உடலில் தங்கும் நாளே ஆகும்.

இதனினும் நுட்பமான தடை பத்தியம். முட்டை, மீன், பருப்பு ஆகியன காயத்தில் சீழ் வைக்கும் என்னும் நம்பிக்கையால் கஞ்சி மட்டும் ஊட்டப்படுவதுண்டு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்நிலையில் நாளொன்றுக்கு 75 முதல் 100 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராம். கஞ்சியால் இவ்வளவை எட்ட இயலாது. அந்நிலையில் உடல் தன் தசையைக் கரைத்தே வெள்ளையணுக்களை ஆக்குகின்றது; விலக்கப்படும் அவ்வுணவே சீழைத் தடுக்கும் அணுக்களுக்கான மூலப்பொருள் என்பதை, காயத்திற்குக் கட்டுப்போடும் செவிலியரே உறவினரிடம் எடுத்துரைப்பது பயன்தரும்.