அரிப்புச் சல்லடையும் இசட் புள்ளியும்

மன்னாருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் அரிப்பு ஒரு காலத்தில் முத்துக்குளிப்பின் தலைவாசல். ஆளுநர் பிரெட்றிக் நோர்த் 1801 முதல் 1804 வரை கட்டிய மாளிகையின் சுவர்கள், கடல் கரையைத் தின்னத் தின்னச் சரிந்தபடி இன்னும் அங்கே நிற்கின்றன. குளித்தெடுத்த முத்துகளைத் தரம் பிரிக்க வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000. எல்லாச் சல்லடையும் ஒரே அகலம் என்பதால், துளையின் எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு துளையும் சிறுத்துக்கொண்டே போகும். முதற் சல்லடையில் தங்கியது பெரிய முத்து. குளித்தவன் யார், எந்த வள்ளத்தில் வந்தான் என்று பித்தளைக்குத் தெரியாது. நேற்று இருந்த துளைதான் இன்றும்.

பரீட்சைக்கு அந்த நிச்சயம் கிடையாது. ஓராண்டு வினாத்தாள் கடினமாக வரும், அடுத்த ஆண்டு இலகுவாக வரும். ஒரு பாடத்தில் 70 எடுப்பது பெரும்பாடு, இன்னொன்றில் பாதி வகுப்பே 70 எடுக்கும். ஆண்டுதோறும், பாடந்தோறும் துளை மாறும் சல்லடை அது. அதில் அரித்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு இலங்கை 2001இல் கைக்கொண்ட விடைதான் இசட் புள்ளி. அதை இங்கே வகுத்தவர்களில் முக்கியமானவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில். உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் மன்னாரின் பேசாலையிலோ வங்காலையிலோ ஒரு வீட்டில் எல்லோரும் கைபேசியைச் சுற்றி நிற்பார்கள். பெறுபேறுகளின் கீழே, தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு ஓர் எண் இருக்கும். அதன் பக்கத்தில் மாவட்ட நிலை, தீவு நிலை. அந்த எண்ணைப் பார்த்து அழுத வீடுகளும் உண்டு, பட்டாசு கொளுத்திய வீடுகளும் உண்டு. அது எப்படி வந்தது என்று பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்பதுதான் என் கவலை.

கணக்கு உண்மையில் எளிது, அழகானதும்கூட. பௌதிகவியலில் எல்லோருடைய சராசரி 40, புள்ளிகள் அதைச் சுற்றிச் சிதறும் அளவு, அதாவது நியம விலகல், 15 என்று வைத்துக்கொள்வோம். 70 எடுத்த பிள்ளை சராசரியைவிட 30 மேலே. அதை 15ஆல் வகுத்தால் இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 62, சிதறல் 8 என்றால் அதே 70க்கு இசட் 1 மட்டுமே. எவ்வளவு எடுத்தாய் என்ற கேள்வி போய், உன்னோடு எழுதிய கூட்டத்தில் எங்கே நிற்கிறாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது. மூன்று பாடங்களின் இசட்டுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் கைபேசியில் வந்த எண்.

இந்தக் கணக்கின் உயிர் 'உன்னோடு எழுதிய கூட்டம்' என்ற சொற்களில் இருக்கிறது. 2011இல் பிசகியதும் அங்கேதான். அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் முதல்முறை எழுதியவர்கள் ஒரு பக்கம், பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் எழுதியவர்கள் இன்னொரு பக்கம். வினாத்தாள் வேறு, கூட்டம் வேறு. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள்.

கலந்தால் என்ன ஆகும்? கற்பனை எண்களை வைத்துப் பாருங்கள். பழைய பாடத்திட்டத்தில் சராசரி 40, புதியதில் 60, இரண்டிலும் சிதறல் 10, எழுதியவர் தொகையும் சமம். பழைய தாளில் 60 எடுத்தவர் தன் கூட்டத்தில் இசட் 2, அதாவது உச்சத்தில் நிற்பவர். புதிய தாளில் 60 எடுத்தவர் தன் கூட்டத்தில் இசட் 0, நட்ட நடுவில். இரு கூட்டத்தையும் கலந்தால் சராசரி 50, சிதறல் ஏறக்குறைய 14. இருவருக்கும் ஒரே எண், 0.7. உச்சியில் நின்றவர் கீழே இறங்கினார், நடுவில் நின்றவர் மேலே ஏறினார். சூத்திரம் ஒன்றுதான், கூட்டலிலும் பிழையில்லை. எந்தக் கூட்டம் என்பதை மறந்ததுதான் பிழை.

மாணவர்களும் ஆசிரியர் சங்கமும் வீதியில் இறங்கியதோடு நிற்கவில்லை, உயர் நீதிமன்றப் படியேறினார்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்கிறது. அது மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு வகுத்தற் கணக்கு அடிப்படை உரிமை வழக்கானது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளைச் செல்லாதவை என்று சொல்லி, இரு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கப் பணித்தது. அந்த ஆண்டு வழக்கத்தைவிட ஆயிரக்கணக்கில் கூடுதலான மாணவர்களை எடுக்க வேண்டி வந்தது. புள்ளிவிவரவியல் தெரியாத ஒரு பெற்றோர், 'என் பிள்ளையை யாரோடு ஒப்பிட்டீர்கள்' என்று கேட்கலாம் என்ற துணிவை நான் அந்த வழக்கிலிருந்துதான் பெற்றேன்.

யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்வி இந்த நாட்டில் இரத்தம் சிந்தவைத்த கேள்வி. 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது, சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும். அதற்கு இட்ட பெயர் தரப்படுத்தல். அந்தச் சொல்லுக்கு அன்று ஏறிய கசப்பு இன்னும் இறங்கவில்லை. பின்னால் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை அதே கசப்போடு பார்ப்பவர்கள் உண்டு. மன்னாருக்கு நியாயம் வேறு. இங்கே அது ஒரு கதவு, மிக ஒடுங்கிய கதவு.

எவ்வளவு ஒடுக்கம் என்று பார்ப்போம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 சதவீதம் மன்னார் உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது நெடுங்கால வழமை. 2012 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு, நாட்டில் 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் மன்னாரின் பங்கு ஏறக்குறைய அரை சதவீதம். ஒரு துறையில் 1000 இடங்கள் இருந்தால் சனத்தொகைக்கு 550, அதில் மன்னாருக்கு 2.7. மூன்று பிள்ளைகள்கூட முழுதாக இல்லை! பின்தங்கிய மாவட்டப் பங்கோடு சேர்த்தாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

வெளிமாவட்டப் பிள்ளை ஒருவரின் பெயர் பின்தங்கிய மாவட்டப் பாடசாலை ஒன்றில் ஏறுவது ஏன் இவ்வளவு பெரிய ஊழல் என்பது இந்த 2.7ஐப் பார்த்தால்தான் விளங்கும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டு படித்த பாடசாலை. வேறெங்கோ ரியூசனில் படித்துக்கொண்டு, வரவுப் பதிவேட்டில் மட்டும் இங்கே 'வந்திருந்த' பிள்ளைக்கு இந்த ஊரின் குறைந்த வெட்டுப்புள்ளி கிடைக்கிறது. கொழும்பில் அப்படி ஓர் இடம் களவு போனால் கடலில் ஒரு குடம் தண்ணீர். மன்னாரில் அது மூன்றில் ஒன்று. அந்தப் பதிவேட்டில் விழும் ஒரு பேனாக் கீறு முசலியின் ஒரு பிள்ளையை வீட்டில் இருத்திவிடும்.

இசட் புள்ளி பார்க்காத இன்னொன்றும் இருக்கிறது. நாட்டின் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளில், உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறையும் உள்ள 1ஏபி பாடசாலைகள் பத்தில் ஒன்று அளவே. 1990இல் துரத்தப்பட்டு மீண்டுவந்த முஸ்லிம் குடும்பங்களின் முசலியும், போரில் பெயர்ந்து மீண்ட மடுவும் மன்னார் நகரத்தோடு ஒரே மாவட்டக் கணக்கில் நிற்கின்றன. நேரசூசியில் 'இரசாயனவியல்' என்று எழுதியிருக்கும் பாடவேளையில் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் கிணற்றடியில் இருந்தால், அந்த வெற்று நேரமும் அதே எண்ணுக்குள்தான் போய்ச் சேர்கிறது.

இங்கே ஒரு தாயால் என்ன செய்ய முடியும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. கேட்டதைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சட்டத்தரணி வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கொப்பித்தாளில் இப்படி எழுதினால் போதும்:

'எங்கள் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட கணித, விஞ்ஞான ஆசிரியர் ஆளணி எத்தனை? இன்று கடமையில் இருப்பவர் எத்தனை பேர்? வேறு பாடசாலைக்கு இணைப்பில் போயிருப்பவர் எத்தனை பேர், எந்தத் தேதி முதல்? கடந்த மூன்று ஆண்டில் தரம் 10க்கு மேல் புதிதாகச் சேர்ந்த வெளிமாவட்ட மாணவர் தொகை என்ன? அவர்களின் மாதாந்த வரவு எத்தனை நாள்?'

கீழே பெயர், முகவரி, தேதி. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து வேலை நாட்களை எண்ணத் தொடங்கலாம்.