விளையாட்டு எது? சூது எது?

கொங்கு நாட்டில் தாயமும் பல்லாங்குழியும் அறியாத வீடு உண்டோ? அமிச்சியிடம் தோற்றால் புளியங்கொட்டைதான் போகும். ஆனால் கைப்பேசியில் பணம் கட்டி ரம்மி ஆடித் தோற்றவர்கள் சம்பளத்தை இழந்தனர். கடன்பட்டுச் சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். எனவே அரசு தலையிட வேண்டியதாயிற்று.

தமிழக அரசு 2021-ல் இதனைத் தடை செய்தது. அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. காரணம் என்ன? விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆடுவதால் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டே என்று உச்சநீதிமன்றம் 1968-லேயே கூறியிருந்தது.

நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின், 2022-ல் சட்டசபை புதிய சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மிக்கான தடையை நீக்கி, வயதையும் நேரத்தையும் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு என்றது. அதன்படி 2025-ல், பதினெட்டு வயது நிரம்பாதோர் பணம் கட்டி ஆடக்கூடாது, நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆட்டமே கூடாது என்ற விதிகள் வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் நாடு முழுமைக்கும் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

திறமையே ஆனாலும் பணயம் வைத்தால் என்னவாகும்? விட்டதைப் பிடிக்கும் ஆசையில் தருமர் நாட்டையே இழந்தார். திண்ணை ஆட்டம் பொழுது சாய்ந்தால் முடியும். கைப்பேசி ஆட்டத்துக்குப் பொழுதே சாயாது. இலவசம் என்று அழைக்கும் விளையாட்டுகளும் பின்னர் ‘வைரம்’ வாங்கு என்கின்றன.

சகோதரிகளே! சட்டம் வாசல்வரைதான் காவல் நிற்கும். வீட்டுக்குள் நாம்தான் விழித்திருக்க வேண்டும்.