வாரம் ஒரு மாத்திரை: நித்யா ஆனந்தின் மருந்து வேதியியல்

தேசியக் குடும்ப நலத் திட்டத்தின் கீழ் 'சாயா' என்ற பெயரில் அரசு இலவசமாக வழங்கும் கருத்தடை மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையங்களை நாடி வரும் பெண்களுக்கானது. அதிலுள்ள சென்ட்குரோமன் என்னும் மருந்து வெளிநாட்டு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்படுவதன்று. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்தும் அவருடைய குழுவினரும் 1960களில் உருவாக்கியது.

1925-இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள லயால்பூரில் பிறந்த நித்யா ஆனந்த், பம்பாயில் சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கட்ராமனிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட்டிடம் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், லக்னோ நிறுவனம் தொடங்கப்பட்ட 1951-ஆம் ஆண்டிலேயே அதில் சேர்ந்து, 1974 முதல் 1984 வரை அதன் இயக்குநராகவும் பணியாற்றினார்.

மருந்து வேதியியல் என்பது, உடலிலுள்ள குறிப்பிட்ட புரதத்தில் பொருந்தி அதன் வேலையை மாற்றக்கூடிய மூலக்கூறுகளை வடிவமைத்து, அவற்றை ஆய்வகத்தில் தொகுத்து, பலன், நச்சுத்தன்மை, உடலில் தங்கும் காலம் ஆகியவற்றைச் சோதித்து, சோதனை சொல்லும் குறைக்கேற்ப அமைப்பைத் திருத்தும் துறையாகும். வேதியியலாளர் தனியே இதைச் செய்துவிட முடியாது. விலங்குகளில் சோதிக்கும் உயிரியலாளரும் மனிதர்களில் சோதிக்கும் மருத்துவரும் கூறும் முடிவுகளே அவர் அடுத்துத் தொகுக்க வேண்டிய மூலக்கூறைத் தீர்மானிக்கின்றன.

சென்ட்குரோமனின் அமைப்பு இதற்கு நல்ல சான்று. குரோமன் என்பது பென்சீன் வளையத்தோடு ஆக்சிஜன் அணு கொண்ட மற்றொரு வளையம் ஒட்டிய கட்டமைப்பு. அதன்மேல் இரண்டு பீனைல் வளையங்களும், அவற்றுள் ஒன்றின் முனையில் நைட்ரஜன் அணு கொண்ட ஒரு வாலும் இணைக்கப்பட்டுள்ளன. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் பொருந்தும் புரதமாகிய ஏற்பியில் இம்மூலக்கூறு அமர்ந்துகொள்ள, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனின் செயல் தடைபட்டு, கருவுற்ற முட்டை பதிவதற்குரிய சூழல் அமையாமல் போகிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபெனிலும் இதையொத்த வால் உண்டு. எனினும் எலும்பில் சென்ட்குரோமன் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படுவதால், இவ்வகை மருந்துகள் தேர்ந்து செயல்படும் ஏற்பி மாற்றிகள் எனப்படுகின்றன.

உட்கொண்ட மருந்தில் பாதியளவு குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால் இதை நாள்தோறும் விழுங்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதங்கள் வாரம் இரண்டு முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் 30 மில்லிகிராம் மாத்திரை உட்கொள்ளும் முறை இக்கணக்கிலிருந்து பிறந்தது. சுரப்பு கலவாத இம்மாத்திரையைப் பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாம். ஆயினும் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போவதுண்டு, கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் சினைப்பைக் கட்டியுள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று.

மூலக்கூறு உருவானதற்கும் மருந்து மக்களைச் சேர்ந்ததற்கும் இடையே நெடுங்காலம் ஓடியது. 1991-இல் 'சகேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, 2016-இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இதன் இரு வடிவங்களுள் இடஞ்சுழி வடிவத்தை எலும்புத் தேய்வுக்கான மருந்தாக்க முயன்ற ஐரோப்பிய நிறுவனம் ஒன்று, மனிதச் சோதனைகளில் பக்கவிளைவுகள் தென்பட்டதும் முயற்சியைக் கைவிட்டது; நோக்கமும் அளவும் மாறும்போது நன்மை தீமைகளின் நிறையும் மாறிவிடும் என்பதை அது காட்டியது.

2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நித்யா ஆனந்த், 2024 ஜனவரியில் 99-ஆவது வயதில் காலமானார். ஆய்வகத்தில் தொடங்கிய ஒரு பணி அரசின் இலவச மாத்திரையாக அரை நூற்றாண்டு கழித்தே கனிந்தது என்பதால், ஓரிரு ஆண்டுகளில் பலன் கேட்கும் நிதி ஒதுக்கீட்டைக் கொண்டு மருந்து ஆராய்ச்சியை நடத்த இயலாது. நீண்ட காலப் பொறுமைக்கும் தொடர்ச்சிக்கும் அரசு உறுதியளித்தால்தான் அடுத்த இந்திய மருந்து பிறக்கும்.