இறக்கத்தில் உருண்ட லாரி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சாலை ஒன்றில் பிரம்மாண்டமான லாரி வேகமாக வருகிறது. 1,000 குதிரைத்திறன், துளி புகை கிடையாது, நிகோலா ஒன் ஓடுவதைப் பாருங்கள் என்று 2018 ஜனவரியில் நிகோலா கம்பெனி பெருமையடித்துப் போட்ட வீடியோ அது. லாரி ஓடியது உண்மை. ஆனால் சொந்த பலத்தில் ஓடவில்லை. மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், இறக்கத்தில் உருட்டி விட்டிருந்தார்கள். படப்பிடிப்பின்போது கதவை டேப் போட்டு ஒட்டினார்கள் என்று பின்னாளில் குற்றப்பத்திரிகையில் அரசுத் தரப்பு எழுதியது.

ட்ரெவர் மில்டன் என்பவர் 2015-ல் தொடங்கிய கம்பெனி இது. ஹைட்ரஜனில் ஓடும் லாரி, அதற்கான எரிபொருளையும் மலிவாக நாங்களே தயாரிப்போம் என்பது அவருடைய பேச்சு. 2020 ஜூனில் நிகோலா நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. வழக்கமான ஐ.பி.ஓ. வழியில் அல்ல, ஏற்கெனவே பட்டியலில் இருந்த, தொழில் எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் கம்பெனியோடு இணைந்து வந்தது. ஐ.பி.ஓ. என்றால் நிர்வாகிகள் குறிப்பிட்ட காலம் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வழியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மில்டன் ட்விட்டர், டி.வி., பாட்காஸ்ட் என்று ஓயாமல் பேசினார். கொரோனாவில் வீட்டில் அடைந்துகிடந்து, செல்போனில் புதிதாகப் பங்கு வாங்கப் பழகியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பங்கு ஏறக்குறைய 94 டாலரைத் தொட்டது. ஒரு லாரிகூட விற்காத கம்பெனி, சந்தை மதிப்பில் ஒரு கட்டத்தில் ஃபோர்டையே முந்தியது.

ஜூனோடு முடிந்த அந்தக் காலாண்டில் நிகோலாவின் வருமானம் எவ்வளவு? 36,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 27 லட்சம் ரூபாய். அதுவும் லாரி விற்று வந்ததல்ல. மில்டனுக்கே சோலார் பேனல் பொருத்திக் கொடுத்து வந்தது! இதை எந்த நிருபரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கம்பெனியே தன் காலாண்டு அறிக்கையில் எழுதியிருந்தது. வீடியோவில் எதையும் காட்டலாம். ஒழுங்குமுறை ஆணையத்திடம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாளில் பொய் சொன்னால் வழக்கு வரும் என்பதால் அங்கே குரல் இறங்கிவிடும். பங்குதாரர் படிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான். படித்தவர்கள் எத்தனை பேரோ!

படித்தவர்களும்கூட வெளியே பேசியிருப்பார்களா என்பது என் சந்தேகம். சரக்கு பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிடலாம். விலை விழும் என்று பந்தயம் கட்டுகிறவருக்குச் சந்தேகமே முதலீடு. பங்குதாரர் நிலைமைதான் பரிதாபம். அவர் வாய்விட்டுச் சந்தேகப்பட்டால் அவர் பங்கின் விலைதான் விழும். அதனால் பங்கை வாங்கிய மறுநாளே சம்பளமில்லாத விளம்பரதாரராகிவிடுகிறார். குறை சொல்கிறவர்களோடு கம்பெனிக்காக மல்லுக்கு நிற்கிறார்.

2020 செப்டம்பர் 8 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நிகோலாவோடு கைகோப்பதாக அறிவித்தபோது இவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனி ஆராயாமலா வரும்? ஒப்பந்தத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். 200 கோடி டாலர் மதிப்புள்ள பங்கு ஜி.எம்.முக்குப் போகும், பதிலுக்கு வருவது தொழில்நுட்பமும் உற்பத்தி உதவியும். ஜி.எம். அந்தப் பங்குக்காக ரொக்கத்தில் ஒரு டாலர்கூடப் போடவில்லை.

இரண்டே நாளில், வீடியோவில் லாரி இறக்கத்தில் உருண்டதுதான் என்று ஹிண்டன்பர்க் அறிக்கை வந்தது. அதானி குழுமத்தின் மீது 2023-ல் குற்றம்சாட்டியதால் நமக்குத் தெரிந்த அதே நிறுவனம்தான். நிகோலா விலை விழுந்தால் அதற்கு லாபம். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் சொன்னதைச் சோதித்தும் காட்டியது. அதே சாலையில் ஒரு ஹோண்டா காரை நியூட்ரலில் விட, மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் தானாகவே உருண்டது.

நிகோலாவின் பதில் அதைவிடச் சுவையானது. லாரி சொந்த சக்தியில் ஓடுவதாக வீடியோவில் நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்டது. அப்போது முதலீடு செய்தவர்களுக்கு லாரியின் திறன் தெரியும் என்றும் சொன்னது. அதாவது, 2018-ல் உள்வட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2020-ல் சந்தையில் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் தெரியாது. அந்தச் செப்டம்பரிலேயே மில்டன் பதவி விலகினார். நவம்பர் இறுதியில் ஜி.எம். பங்கு வேண்டாமென்று ஒதுங்கியது.

2021 டிசம்பரில் கம்பெனி 12.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஏமாந்த முதலீட்டாளருக்குத் தருவதற்கென்று விதித்த தொகை, அவரே பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் கல்லாவிலிருந்து! பிற்பாடு நிகோலா நிஜமாகவே சில நூறு லாரிகள் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கம்பெனி தேறவில்லை. 2024-ல் 30 பங்குகளை ஒன்றாகச் சுருக்கினார்கள். 2025 பிப்ரவரியில் திவால் மனு போட்டபோது அந்த ஒன்றும் ஒரு டாலருக்குக் கீழே கிடந்தது. உச்சத்தில் 30 பங்கு வாங்கியவர் கொடுத்திருக்கக்கூடிய விலை 2,800 டாலருக்கு மேல்.

மில்டன் மோசடிக் குற்றவாளி என்று 2022-ல் ஜூரி தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் நான்காண்டு சிறைத்தண்டனை. மேல்முறையீட்டைக் காட்டி வெளியிலேயே இருந்தவருக்கு 2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் முழு மன்னிப்பு வழங்கினார். பங்குதாரர்களுக்கு 68 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிடும்படி அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைக் கேட்டிருந்தார்கள். மன்னிப்போடு அந்தக் கோரிக்கையும் போயிற்று.